உப்பு-சர்க்கரை தண்ணீரில் பிழைத்த அகதிகள்! டாக்டர் எடுத்த துணிச்சல் முடிவு

மேற்கு வங்காளத்தில் எல்லை ஓரமாக இருக்கும் ஊர், பங்கான். 1971-ம் ஆண்டு கிழக்கு பாகிஸ்தானில் ராணுவத்துக்குப் பயந்து ஓடி வந்தவர்கள் இந்தப் பக்கமும் சாரை சாரையாக நுழைந்தார்கள். அந்த ஆண்டு இந்தியாவுக்கு வந்த அகதிகள் சுமார் 1 கோடி பேர்!

மழைக்காலம் வேறு. குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. முகாம்களில் காலரா புகுந்தது.

ஜூன் மாதக் கடைசியில் கல்கத்தாவில் இருந்து டாக்டர் திலீப் மகலநோபிஸ் பங்கான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். குழந்தை வைத்திய நிபுணர். வயது 36.

தரையெல்லாம் நோயாளிகள்

ஆஸ்பத்திரியில் காலராவுக்கு இரண்டே அறைகள். கட்டில் போதாமல் தரையிலேயே கிடந்தார்கள். சலைன் ஏற்ற வேண்டும் என்றால் வாந்தியிலும் பேதியிலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டும். அந்த சலைனும் தீர்ந்துகொண்டே வந்தது. ஊசி ஏற்றத் தெரிந்தவர்களோ ஒன்றிரண்டு பேர்.

காலராவில் ஆளைக் கொல்வது உடம்பில் இருந்து வெளியேறிவிடும் தண்ணீரும் உப்பும்தான். வெறும் உப்புத் தண்ணீரைக் குடித்தால் குடலில் தங்காது. கூட குளுக்கோஸ் சேர்த்தால் குடல் உப்பை இழுத்துக்கொள்ளும், தண்ணீரும் பின்னாலேயே போகும். டாக்காவில் 1968-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முறைதான் இது. ஆனால் அது ஆஸ்பத்திரிக்குள், டாக்டர்கள் கண் முன்னால். அகதி முகாமில், படிக்காத ஜனங்கள் கையில் கொடுப்பதா?

கொடுத்தார் மகலநோபிஸ். வேறு வழி இல்லை.

11 காசு

ஒரு லிட்டர் தண்ணீருக்கு குளுக்கோஸ் 22 கிராம், சாப்பாட்டு உப்பு 3½ கிராம், ஆப்ப சோடா 2½ கிராம். கல்கத்தாவில் எடை போட்டு, பிளாஸ்டிக் பையில் கொட்டி, இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் வாயை ஒட்டினார்கள். செலவு லிட்டருக்கு 11 காசு.

முகாமில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைத்தார்கள். அம்மா, அக்காள், புருஷன் என்று கூட வந்தவர்களே தம்ளரில் பிடித்து வாயில் ஊற்றினார்கள். பெயர் என்ன தெரியுமா? "வாய்வழி சலைன்"! சலைன் என்றால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை.

அதற்கு முன்பு 100 பேரில் 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தண்ணீர் வந்த பிறகு அது 4-க்கும் கீழே இறங்கியது. இரண்டு மாத காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் 3 ஆயிரத்து 700-க்கும் அதிகம். வங்காளதேச ரகசிய வானொலியிலும் இந்தக் கலவையின் செய்முறை ஒலிபரப்பானது.

ஆனாலும் டாக்டர் உலகம் லேசில் நம்பவில்லை. உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுக்கொண்டு பல நாடுகளுக்கும் கொண்டுபோக மேலும் சில ஆண்டுகள் பிடித்தன. இன்று மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிறோமே ஓ.ஆர்.எஸ். பாக்கெட், அது இந்த டிரம் தண்ணீரின் வாரிசுதான்.

மகலநோபிஸ் 2022-ம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் காலமானார். வெளிநாட்டுப் பரிசுகள் அவர் இருக்கும்போதே வந்தன. மத்திய அரசின் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது 2023 ஜனவரியில்தான்.