குறையறிந்து திருத்திய வண்டி

தந்தையாரின் பழைய சைக்கிளைப் பெற்ற மாணவன் ஒருவன் முதலில் செய்வது என்ன? ஆசனத்தைத் தன் உயரத்துக்கேற்ப இறக்குகிறான். தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றுகிறான். தளர்ந்த சங்கிலியை இறுக்குகிறான். அதன்பின் அவ்வண்டி அவனுக்கு இனிய துணையாகிவிடுகிறது. வேறொருவனோ புது வர்ணம் பூசி, குஞ்சலம் கட்டி மகிழ்கிறான். வண்டி மட்டும் முன்போலவே முரண்டு பிடிக்கிறது. இவ்விரு வகைத் திருத்தங்களுக்கும் உள்ள வேற்றுமையை, அமெரிக்க நாட்டில் பலருக்கு ஏமாற்றமளித்த மோட்டார் கார் ஒன்றின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

அந்தக் காரின் பெயர் கார்வெயர். செவ்ரலே நிறுவனத்தார் அதனை 1959-ஆம் ஆண்டின் இறுதியில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். அக்காலத்து அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் நீண்டு அகன்றவை. எஞ்சின் முன்புறத்தில் அமைந்து, நீரினால் குளிர்விக்கப்படுபவை. கார்வெயரோ சிறியது. ஆறு சிலிண்டர்கள் கொண்ட அதன் அலுமினிய எஞ்சின் பின்புறத்தில் அமைந்திருந்தது. காற்றே அதனைக் குளிர்வித்தது. மக்கள் அதன் புதுமையை விரும்பி வாங்கினர். ஆனால், வேகமாக வளைவில் திரும்பும்போது காரின் பின்பாகம் திடீரென வெளிப்புறமாக வழுக்கிச் செல்வதைச் சிலர் கண்டனர். அவர்களுடைய ஆர்வம் அச்சமாக மாறியது.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, எடை. வண்டியின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு பின்சக்கரங்களின் மேல் இருந்தது. இயங்கும் பொருள் நேர்கோட்டிலேயே செல்ல முயலும் என்பதைப் பௌதிகத்தில் படித்திருப்பீர்கள். வண்டி திரும்பும்போது, கனத்த பின்பாகம் திரும்ப மறுத்து வெளியே விலக முற்படுகிறது.

இரண்டாவது, பின் அச்சின் அமைப்பு. இதனை உங்கள் கைகளைக் கொண்டே அறியலாம். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, விரல்கள் மேல்நோக்கி இருக்குமாறு உள்ளங்கைகளை நிமிர்த்துங்கள். உள்ளங்கைகளைச் சக்கரங்களாகவும், கைகளை அச்சுகளாகவும், தோள்களை மூட்டுகளாகவும் கொள்ளுங்கள். இப்போது மணிக்கட்டை அசைக்காமல் கைகளைத் தாழ்த்துங்கள். உள்ளங்கையின் அடிப்பாகம் உட்புறமாகச் சாய்கிறதல்லவா? கார்வெயரின் பின் அச்சுகளுக்கும் உட்புறத்தில் மட்டுமே மூட்டு இருந்தது. வளைவின் வேகத்தில் வண்டியின் உடல் மேலெழும்பினால், சக்கரம் இவ்வாறே உள்ளே மடிந்து, சாலையைப் பற்றும் ஆற்றலை இழக்கும்.

நிறுவனத்தார் இதற்கு ஓர் எளிய பரிகாரம் வகுத்திருந்தனர். முன் டயர்களில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு, பின் டயர்களில் 26 பவுண்டு என்று காற்றழுத்தத்தை வேறுபடுத்தினர். அழுத்தம் குறைந்த முன் டயர்கள் முதலில் சற்றே நழுவும். அதனை ஓட்டுபவர் உணர்ந்து வேகத்தைத் தணிக்க இயலும். ஆனால், மற்றக் கார்களின் வழக்கத்தையொட்டி நான்கு டயர்களிலும் ஒரே அளவாகக் காற்றடைத்தால் அப்பாதுகாப்பு அகன்றுவிடும். கையேட்டின் ஒரு வரியைப் படியாதவன் தன் உயிரையும் பிறர் உயிரையும் பணயம் வைத்தவனானான்.

விவரமறிந்த உரிமையாளர் சிலர் வண்டியைத் தள்ளிவிடவில்லை. இரு பின்சக்கரங்களையும் அடியில் இணைத்து, அவை உள்ளே மடியாமல் தடுக்கும் குறுக்கு வில்பட்டையை வெளியே வாங்கிப் பொருத்தினர். 1964-ஆம் ஆண்டு வண்டிகளில் நிறுவனத்தாரே அத்தகைய பட்டையைச் சேர்த்தனர். 1965-இல் சக்கரத்தின் அருகிலும் மூட்டு வைத்துப் பின் அச்சைப் புதிதாக அமைத்தனர். அதே ஆண்டில் ரால்ஃப் நாடர் எழுதிய நூல் பழைய வண்டிகளைக் கடுமையாகச் சாடியது. 1972-இல் வெளியான அரசாங்க ஆய்வறிக்கை, அவ்வண்டிகள் அக்காலத்து ஒத்த கார்களைவிடக் கவிழும் இயல்பு மிக்கவை அல்ல என்று கூறிற்று. ஆயினும் 1969-லேயே உற்பத்தி நின்றுவிட்டது.

இவ்வண்டியைச் செம்மை செய்தவருள் ஜான் ஃபிட்ச் குறிப்பிடத்தக்கவர். பந்தய வீரரான அவர், 1955-ஆம் ஆண்டு லெ மான் பந்தயத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட விபத்துக்குள்ளான காரின் இணை ஓட்டுநர். விபத்தின்போது தம் முறைக்காகக் காத்திருந்தார். 1960-களில் கார்வெயரின் ஸ்டியரிங், சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு, எஞ்சின் ஆகியவற்றைத் திருத்தி, ‘ஸ்பிரிண்ட்’ என்ற பெயரில் விற்றார். பலர் ஒதுக்கிய வண்டி, ஓட்டுவதற்கு இன்பம் தருவதாயிற்று. நெடுஞ்சாலைகளில் மோதலின் வேகத்தைத் தணிக்க மணல் நிரப்பிய பீப்பாய்களை வரிசையாக வைக்கும் முறையை வகுத்தவரும் அவரே.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுக்கும் ஒரு வண்டி வாய்க்கும். அது மனநிறைவு தராவிடில், உரத்து முழங்கும் குழாயையும் பளபளக்கும் அணிகளையும் தேடுமுன், அது எங்கே, எப்போது, எதனால் உங்களை ஏமாற்றுகிறது என்று கேளுங்கள். கையேட்டைப் படியுங்கள், டயர்களின் காற்றை அளந்து பாருங்கள். செலவில்லாத அச்சோதனையில் தொடங்குங்கள். எஞ்சினுக்கு வலுவூட்டும் எண்ணம் அதற்குப் பிறகு வரட்டும்.