கிடத்துவதற்கு முன் ஒரு கேள்வி

குழந்தை பிறந்து மூன்று மாதமாகியும் தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை என்று ஒரு பெண் சொன்னால், பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: ‘பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்.’ புரண்டு படுத்தால் முன் இடுப்பில் சுருக்கென்று குத்துகிறது, படியில் காலைத் தூக்கி வைக்க முடியவில்லை, நாற்காலியிலிருந்து எழும்போது வால் எலும்பில் உயிர் போகிறது என்று அவள் பிரித்துப் பிரித்துச் சொன்னாலும் பதில் மாறுவதில்லை. மருத்துவமனையிலும் தையல் ஆறிவிட்டதா, குழந்தை பால் குடிக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிடுவது உண்டு. ஆனால் இந்த வலிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. பிரசவ மேசையில் அவளை எப்படிக் கிடத்தினார்கள் என்பதும் அந்தக் காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். அவளைக் கேட்டுத்தான் கிடத்தினார்களா என்பதையும் சேர்த்தே நாம் விசாரிக்க வேண்டும்.

புனேயை ஒட்டிய பிம்ப்ரியை நினைத்து இதை எழுதுகிறேன். 1954-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் தொழிற்சாலையும் பின்னால் வந்த வாகன ஆலைகளும் நாடெங்குமிருந்து ஆட்களை இழுத்துவந்த ஊர் இது. பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி, தேஹு ரோடு என்று தமிழ்க் குடும்பங்களும் பரவியிருக்கின்றன. சந்த் துக்காராம் நகரில் மாநகராட்சியின் யஷ்வந்த்ராவ் சவாண் நினைவு மருத்துவமனை, அது தவிர மருத்துவக் கல்லூரி, தெருவுக்குத் தெரு நர்சிங் ஹோம். மகாராஷ்டிரத்தில் 2005–06-ல் 100-க்கு 65 பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடந்தன. 2019–21-ல் அது 95-ஐத் தொட்டுவிட்டது என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு. 2018–20 கணக்கில் இம்மாநிலத்தில் ஒரு லட்சம் குழந்தைகள் பிறந்தால் 33 தாய்மார்கள் இறந்தார்கள்; நாட்டின் சராசரி 97. இந்தச் சாதனையைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை. பதினான்கு வயதில் பெற்ற குழந்தையைப் பத்தே நாளில் பறிகொடுத்த இம்மாநிலத்துப் பெண் ஆனந்திபாய் ஜோஷி, அதனால்தான் அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1886-ல் பட்டம் பெற எழுதிய ஆய்வுரையே பிரசவ மருத்துவத்தைப் பற்றியது. மறு ஆண்டு புனேயில் அவர் இறந்தபோது 22 வயதுகூட நிறையவில்லை. அந்த மண்ணில் தாயும் சேயும் உயிரோடு வீடு திரும்புவது இன்று வழக்கமாகிவிட்டது. அப்படித் திரும்பும் தாய் வலியில்லாமல் நடக்கவும் வேண்டும்.

இடுப்பு ஒரே எலும்பு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இரண்டு பக்க எலும்புகள், பின்னால் திரிக எலும்பு, அதன் நுனியில் வால் எலும்பு என்று பல துண்டுகள் சேர்ந்த வளையம் அது. முன்பக்கம் இரு எலும்புகளும் குருத்தெலும்பால் இணைகின்றன. அங்கே இடைவெளி சாதாரணமாக 4, 5 மில்லிமீட்டர் இருக்கும். கர்ப்பத்தில் ஹார்மோன்கள் தசைநார்களை இளக்குவதால் இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விரியும். பிள்ளை வருவதற்காக உடம்பு தானே செய்துகொள்ளும் ஏற்பாடு இது. 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் அந்த மூட்டு பிளந்துவிட்டது என்று பொருள். பெரிய குழந்தை, திடீரென்று முடிந்துவிடும் பிரசவம், ஆயுதம் போட்டு எடுப்பது ஆகியவற்றோடு, தொடைகளை அளவுக்கு மீறி அகட்டிப் பிடிப்பதும் இதற்கு ஒரு காரணம். முதுகில் ஊசி போட்டு மரக்கவைத்திருந்தால், ‘இதற்கு மேல் விரிக்காதே’ என்று சொல்ல வேண்டிய வலி வராது. அதனால் அந்த நேரத்தில் கூடுதல் கவனம் தேவை.

மல்லாந்து படுத்தால் உடம்பின் பாரம் திரிக எலும்பின் மேலும் வால் எலும்பின் மேலும் விழுகிறது. குழந்தையின் தலை இறங்கும்போது பின்னுக்கு நகர்ந்து வழிவிட வேண்டிய எலும்புகள் அவை. மேசைக்கும் தலைக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் வால் எலும்பு நசுங்கலாம், மூட்டு விலகலாம். குந்தியிருக்கும்போது இடுப்பின் வெளிவாயில் அகலமாவதை 1969-ல் ரஸ்ஸல் என்ற ஆய்வாளர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். 2002-ல் 35 பெண்களை எம்.ஆர்.ஐ. செய்து பார்த்தபோது, குந்தும்போதும் கைகால் ஊன்றி மண்டியிடும்போதும் மல்லாந்திருப்பதைவிடச் சில அளவுகள் கூடுவது உறுதியானது. கூடுவது சில மில்லிமீட்டர்தான். ஆனாலும் குறுகலான வாசலில் பீரோவைச் சாய்த்தும் திருப்பியும் நுழைப்பவர்களுக்கு அந்தக் கொஞ்சத்தின் அருமை தெரியும். குழந்தையின் தலையும் அப்படித் திரும்பித் திரும்பித்தான் வருகிறது. இன்னொன்று, மல்லாந்த நிலையில் நிறைகர்ப்பப்பை அடிவயிற்றின் பெரிய ரத்தக்குழாய்களை அழுத்துகிறது. தாய்க்கு ரத்த அழுத்தம் இறங்கலாம், குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம்.

பாதிப்பு எலும்போடு நிற்பதில்லை. இடுப்பின் அடித்தளமாக விரிந்திருக்கும் தசை, தலை வெளிவரும் நேரத்தில் சில இழைகளில் மூன்று மடங்குக்கும் மேல் நீள்கிறது என்று கணினி மாதிரி வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். அது எலும்பிலிருந்து பிய்ந்துபோவதும் உண்டு. ஃபோர்செப்ஸ் போடும்போது அந்த ஆபத்து கூடுகிறது. நரம்பும் அழுந்துகிறது. பிரசவித்த சுமார் 6,000 பெண்களைக் கவனித்து 2003-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 100-க்கு ஒருவருக்குக் காலிலோ இடுப்பிலோ நரம்புப் பாதிப்பு இருந்தது. கால்களைத் தூக்கிவைத்த நிலையில் நெடுநேரம் முக்கிக்கொண்டிருந்தவர்களிடம் அது அதிகம் காணப்பட்டது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஆனால் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பாதம் மடங்கும் பெண்ணுக்கு, இது என்ன, எப்போது போகும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எல்லாப் பழியையும் மேசையின் மேல் போடவும் கூடாது. குழந்தையின் எடை, தலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது, எத்தனை மணி நேரம் நீண்டது என்று பல காரணங்கள் கூடியே பிரசவம் கடினமாகிறது. சிசேரியனுக்குப் பிறகும் இடுப்பு வலி வருகிறது. நிமிர்ந்த நிலை எல்லாருக்கும் மருந்து என்றும் சொல்ல முடியாது. முதுகில் மரப்பு ஊசி போடாத பெண்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்து 2017-ல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வு, நிமிர்ந்த நிலைகளில் ஆயுதப் பிரசவமும் பிறப்புவாயை வெட்டுவதும் குறைகின்றன, குழந்தையின் இதயத்துடிப்புக் கோளாறும் குறைகிறது என்கிறது. அரை லிட்டருக்கு மேல் ரத்தம் போகும் வாய்ப்பு சற்றுக் கூடலாம் என்றும் அதே ஆய்வு எச்சரிக்கிறது. ரத்தசோகை மிகுந்த நம் நாட்டில் அதை ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டு பிரிட்டனில், மரப்பு ஊசி போட்டுக்கொண்ட முதல் பிரசவப் பெண்கள் 3,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையில் முடிவு வேறுமாதிரி வந்தது. ஒருக்களித்துப் படுத்தவர்களில் 41 சதவீதம் பேருக்கு ஆயுதம் இல்லாமல் பிறந்தது. நிமிர்ந்திருந்தவர்களில் 35 சதவீதம் பேருக்குத்தான். ஆக, எல்லாருக்கும் பொருந்தும் ஒரே நிலை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொன்னதும் இதையொட்டித்தான்: எந்த நிலை என்பதைப் பெண் தேர்ந்தெடுக்கட்டும். எல்லாரையும் வழக்கமாக வெட்டித் தைப்பதையும், வயிற்றின் மேல் கைவைத்து அமுக்கிக் குழந்தையைத் தள்ளுவதையும் அந்த நிறுவனம் பரிந்துரைக்கவில்லை.

பிறகு ஏன் மல்லாக்கப் படுக்கவைக்கிறார்கள்? பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் மோரிசோ போன்ற ஆண் மருத்துவர்கள் பிரசவத்தில் கை வைத்தபோது, பேறுகால முக்காலி போய்க் கட்டில் வந்தது. பின்னால் ஆயுதம் வந்ததும் மருத்துவரின் கண்ணுக்கும் கைக்கும் வசதியான நிலையே வழக்கமாகிவிட்டது. நம் கோயில் தூண்கள் சிலவற்றில், இரு பெண்கள் தாங்கிப் பிடிக்க நின்றபடியே பிள்ளை பெறும் பெண்ணைச் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை, எத்தனையோ பெண்கள் செத்துப்போன காலம் அது. இன்றைய செவிலியர் மீதும் குற்றம் சுமத்த மனம் வரவில்லை. ஒரே இரவில் பல பிரசவங்களைப் பார்க்கும் அவர், தான் கற்ற ஒரே முறையில் செய்கிறார். தெலங்கானாவில் 2017 முதல் ஹைதராபாத்தின் ஃபெர்னான்டெஸ் மருத்துவமனையும் அரசும் சேர்ந்து செவிலியர்களுக்குப் பேறுகாலத் தாதியர் பயிற்சி கொடுத்து வேறு நிலைகளில் பிரசவம் பார்க்கக் கற்றுத்தந்தன. மறு ஆண்டு மத்திய அரசும் நாடு முழுவதற்கும் அப்படியொரு பயிற்சிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. சொல்லிக் கொடுத்தால் மாறக்கூடிய வழக்கம்தான் இது.

சம்மதத்துக்கு வருவோம். அட்மிஷன் போடும்போது கணவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடுகிறார். அதற்குப் பிறகு நடக்கும் எல்லாவற்றுக்கும் அந்தக் கையெழுத்தே அனுமதி என்று இரு தரப்பும் நம்புகின்றன. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகத் தீர்த்தது. லேப்ராஸ்கோப் வைத்துச் சோதித்துப் பார்க்க மட்டும் ஒப்புக்கொண்டு மயக்க மருந்து வாங்கிக்கொண்ட 44 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த தாயிடம் சம்மதம் வாங்கி அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, மயக்கம் தெளிந்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய பெண்ணுக்காக அவள் தாய்கூடச் சம்மதிக்க முடியாது, சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவைக்குச் செல்லாது என்றது நீதிமன்றம். தாய்க்கே இல்லாத உரிமை கணவருக்கும் இல்லை. உள்ளே கைவிட்டுச் சோதிப்பது, வெட்டுவது, ஆயுதம் போடுவது எல்லாவற்றுக்கும் முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வெனிசுவேலா 2007-லேயே ஒரு படி மேலே போய், நிமிர்ந்து பெற வசதியிருந்தும் கால்களைத் தூக்கி மல்லாந்து பெறக் கட்டாயப்படுத்துவதைப் பெண் மீதான வன்முறை என்று சட்டத்தில் எழுதிவைத்தது.

அவசரத்தில் கேட்க நேரம் எங்கே என்ற மருத்துவர்களின் கேள்வி நியாயமானது. தலை வந்து தோள் மாட்டிக்கொண்டால் நிமிடங்களில் குழந்தை போய்விடும். அப்போது தொடைகளை வயிற்றோடு சேர்த்து மடக்கி அழுத்துவதுதான் முதல் சிகிச்சை. ‘தோள் மாட்டியிருக்கும்மா, காலை மடக்கப் போறோம்’ என்று சொல்ல இரண்டு விநாடி போதும். இப்படி நடக்கலாம் என்று ஏழாம் மாதச் செக்கப்பிலேயே சொல்லிவைக்கவும் முடியும். எதையும் சொல்லாமல் நாலு பேர் கால்களைப் பிடித்து அழுத்தினால், அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிழைத்த நினைவோடு, தன்னைப் பிடித்து அமுக்கிய நினைவும் தங்கிவிடுகிறது. பிறகு ஒரு பரிசோதனைக்கோ தாம்பத்தியத்துக்கோ தொட்டாலே இடுப்புத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். அந்த இறுக்கமும் வலிதான்.

பிம்ப்ரியில் தமிழ்ப் பெண்ணுக்கு இன்னொரு சுவர் இருக்கிறது. ‘ஜோர் லாவ்’ என்று மராத்தியில் சொல்வது முக்கச் சொல்வதா நிறுத்தச் சொல்வதா என்று புரியாத ஒருத்தியிடம் எப்படிச் சம்மதம் வாங்குவது? கூட ஆள் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆற்றில் வெள்ளம் வந்து தாயால் வர முடியாமல் போனபோது சிவனே தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்த கதையைத் திருச்சிக்காரர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறார்கள். அரசு மருத்துவமனைப் பிரசவ அறையில் உடனிருக்க ஒரு பெண் துணையை அனுமதிக்கும் ஏற்பாட்டை முன்கூட்டியே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. 2016 பிப்ரவரியில் மத்திய அரசும் அதை நாடு முழுவதற்கும் சொன்னது. மற்றவர்களின் மறைவுக்கு இடைஞ்சல் இல்லாத இடங்களில் கணவரும் இருக்கலாம். ஊரிலிருந்து அம்மாவால் வர முடியாவிட்டால் மராத்தி தெரிந்த பக்கத்து வீட்டு அக்காவையாவது கூட்டிப்போக வேண்டும். பதிவு செய்யும்போதே நர்சிங் ஹோமில் அதைக் கேட்டுவிடுவது நல்லது.

வலி வந்துவிட்டவர்களுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. முன் மூட்டு விரிந்திருந்தால் இடுப்புப் பெல்ட்டும் ஃபிசியோதெரபியும் பெரும்பாலும் போதும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து ஒருக்களித்துப் படுக்கலாம். புரளும்போதும் கட்டிலிலிருந்து இறங்கும்போதும் இரண்டு கால்களையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். வால் எலும்பு வலிக்குப் பின்பக்கம் வெட்டு விட்ட மெத்தை உதவும். இடுப்புத் தசையை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சியை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஏற்கனவே தசை இறுகிப்போன பெண்ணுக்கு அது வலியைக் கூட்டும். அவள் முதலில் தளர்த்தப் பழக வேண்டும். இதைத் தொட்டுப் பார்த்துத் தீர்மானிக்கத் தெரிந்த ஃபிசியோதெரபிஸ்ட் வேண்டும், அந்தப் பரிசோதனைக்கும் அவளுடைய சம்மதம் வேண்டும். பாதம் தொங்குவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, காய்ச்சல், எழுந்து நிற்கவே முடியாத வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆறாம் வாரச் செக்கப்புக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.

போகும்போது பிரசவக் கேஸ் ஷீட்டின் நகல் கையில் இருக்கட்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைக் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நடத்தை விதி. மகாராஷ்டிரத்தில் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட நர்சிங் ஹோம் விதிகளின்படி நோயாளி உரிமைப் பட்டியலை எல்லாரும் பார்க்கும்படி மாட்டிவைக்கவும் வேண்டும். முக்கத் தொடங்கியது எத்தனை மணிக்கு, குழந்தை பிறந்தது எத்தனை மணிக்கு, எடை என்ன, ஆயுதம் போட்டார்களா, வெட்டினார்களா, முதுகு ஊசி உண்டா என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். எந்த நிலையில் பிள்ளை பிறந்தது என்பதும் யாரைக் கேட்டு என்ன செய்தார்கள் என்பதும் பெரும்பாலும் அதில் இருக்காது. அதை அவள் வாயால் சொல்லித்தான் மருத்துவர் எழுதிக்கொள்ள வேண்டும்.