குரலை விழுங்கும் இசை: படத்தொகுப்பில் ஒலியளவைச் சீர்செய்யும் வழி

திருமண வைபவங்களையும், பாடசாலை விழாக்களையும், வீட்டு முதியோரின் நினைவுரைகளையும் படமாக்கி, வீட்டுக் கணினியிலேயே தொகுத்து முடிக்கும் வழக்கம் இன்று நம்மவரிடையே பெருகியுள்ளது. ஆயினும், காட்சிகளை அழகுற இணைத்தவர்கள்கூட ஓசையிலே தடுமாறுவதுண்டு. பாட்டி பேசத் தொடங்கும்போது பின்னணி நாதஸ்வரம் தணியவேண்டும். பேச்சு முடிந்தபின் மீண்டும் ஓங்கவேண்டும். நிகழ்வதோ வேறு. தணியவேண்டிய இசை ஓங்குகின்றது; கேட்கவேண்டிய குரல் அதனுள் அமிழ்ந்துபோகின்றது. பேசியவர் இன்று நம்மிடையே இல்லையெனின், அக்குரலை மீண்டும் பதிவுசெய்வது எங்ஙனம்?

இதற்காக மனம் சோர வேண்டியதில்லை. ஒலியளவை ஏற்றவும் இறக்கவும் தொகுப்பு மென்பொருளில் நாம் இடும் கட்டளைகள் மூலப்பதிவைத் தொடுவதில்லை. அவை தனியே குறித்துவைக்கப்படும் குறிப்புகளே. அவற்றை நீக்கினால் பழைய ஓசை அப்படியே மீளும். கணினி நமக்கு மாறு செய்வதுமில்லை. நாம் இட்டு மறந்த ஏதோவொரு கட்டளையையே அது தவறாது நிறைவேற்றுகின்றது. அக்கட்டளை எங்கே இருக்கின்றதெனக் கண்டறிவதே பரிகாரம். பலரும் பயன்படுத்தும் அடோபி பிரீமியர் என்னும் மென்பொருளை உதாரணமாகக் கொண்டு இதனை விளக்குவோம்.

கட்டளை இருக்கும் ஈரிடங்கள்

ஒலியளவுக் கட்டளை இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, கிளிப் எனப்படும் தனித்தனி ஒலித்துண்டு. மற்றையது, அத்துண்டுகள் வரிசையாக அமர்ந்திருக்கும் ட்ராக் என்னும் தடம். இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வேலைசெய்யும். 6 டெசிபல் குறைத்தால் ஒலியலையின் வீச்சு ஏறக்குறைய அரைவாசியாகும். துண்டிலே 6 டெசிபலும் தடத்திலே 6 டெசிபலும் குறைத்திருப்பின், மொத்தம் 12 டெசிபல் குறைந்து, வீச்சு காற்பங்காகிவிடும். துண்டின் அளவு சரியாகத் தோன்றியும் ஓசை மெலிந்திருப்பின், தடத்தையும் பார்த்தல் வேண்டும்.

நான்கு புள்ளிகள்

ஒலியளவு எந்தக் கணத்தில் எவ்வளவு இருக்கவேண்டுமென்று குறிக்கும் புள்ளியைக் கீஃப்ரேம் என்பர். இரு புள்ளிகளுக்கு இடையில் ஓசை படிப்படியாக மாறும். ஆகவே, இசையைத் தணித்து மீண்டும் உயர்த்துவதற்கு நான்கு புள்ளிகள் தேவை: தணியத் தொடங்குமிடம், தணிந்து முடியுமிடம், உயரத் தொடங்குமிடம், உயர்ந்து முடியுமிடம். இவற்றுள் முதலாவதை விட்டுவிட்டால், அதற்கு முன் வேறு புள்ளி இல்லாதவிடத்து இசை தொடக்கம் முதலே தணிந்திருக்கும்; வேறு புள்ளி இருப்பின் அங்கிருந்தே தேயத் தொடங்கும். மூன்றாவதை விட்டுவிட்டால், பாட்டி பேசிக்கொண்டிருக்கையிலேயே இசை மெல்ல ஏறிக் குரலை மூடிவிடும்.

எஃபெக்ட் கண்ட்ரோல்ஸ் என்னும் பகுதியில் ஒலியளவுக்கு அருகே நிறுத்தற் கடிகாரச் சின்னமொன்று உண்டு. ஒலியளவைப் பொறுத்தமட்டில் அது வழக்கமாக இயங்கும் நிலையிலேயே இருக்கும். அந்நிலையில் அங்கே அளவை மாற்றுந்தோறும் புதிய புள்ளியொன்று பிறக்கும். துண்டு முழுவதும் ஒரே அளவு போதுமெனின் அச்சின்னத்தை அணைத்துவிட்டு அளவை அமைக்கவேண்டும். அணைக்கும்போது முன்னர் இட்ட புள்ளிகள் யாவும் அழியும் என்பதையும் நினைவிற் கொள்க.

ஐந்து நிலைகள்

தடத்தின் ஒலியளவை மிக்ஸர் பகுதியிலுள்ள ஃபேடர் என்னும் நழுவு பிடியினால், படம் ஓடும்போதே ஏற்றி இறக்கிப் பதியலாம். அங்கே ஐந்து நிலைகள் உள. ‘ஓஃப்’ நிலையில் பதிந்த மாற்றங்கள் புறக்கணிக்கப்படும். ‘ரீட்’ நிலையில் அவை வாசிக்கப்பட்டு அவ்வாறே ஒலிக்கும். பிடியைக் கையால் நகர்த்தினாலும், விட்டவுடன் அது பதிந்த இடத்திற்கே திரும்பும். இதனைப் பழுதென எண்ணிக் கலங்குவோர் பலர்.

‘டச்’ நிலையில் பிடியைப் பற்றியிருக்கும் வரையே பதிவு நிகழும். விட்டதும் பழைய அளவுக்கு மீளும். ‘லாட்ச்’ நிலையில் நாம் பிடியை அசைத்தபின் பதிவு தொடங்கும்; கையை எடுத்தாலும் அவ்வளவே நிலைக்கும். ‘ரைட்’ நிலையோ, பிடியைத் தொடாவிடினும் படம் ஓடத் தொடங்கிய கணத்திலிருந்தே பதிவுசெய்து, முன் பதிந்தவற்றை அழித்துச் செல்லும். வெறுமனே கேட்டுப் பார்ப்பதற்காக ஓட்டியவரின் உழைப்பு மறைவது இவ்விதமே. சிறு திருத்தங்களுக்கு ‘டச்’ நிலையே பாதுகாப்பானது. பணி முடிந்ததும் ‘ரீட்’ நிலைக்கு மாற்றிவிடுதல் நன்று.

இன்னொன்று: தடத்திற் பதிந்த மாற்றங்கள் நேரத்தோடு பிணைந்தவை, துண்டுகளோடு பிணைந்தவையல்ல. பின்னர் ஒரு காட்சியை வெட்டித் துண்டுகளை முன்னே நகர்த்தினால், ஒலிமாற்றங்கள் பழைய இடத்திலேயே நிற்கும். காட்சிகளின் ஒழுங்கை உறுதிசெய்தபின் தடத்தில் ஒலி பதிவதே முறை.

சோதிக்கும் ஒழுங்கு

முதலில் தொகுப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இசைத் தடத்தை மௌனமாக்கிப் பேச்சைத் தனியே கேளுங்கள். பேச்சு சரியாக இருப்பின் குறை இசையில். அதுவே ஏறி இறங்கினால் குறை பேச்சில். அடுத்து, குறையுள்ள தடத்தை ‘ஓஃப்’ நிலையில் வைத்து மீண்டும் ஓட்டுங்கள். குறை மறைந்தால் கட்டளை தடத்தில் உள்ளது. மறையாவிடின் துண்டில் உள்ள புள்ளிகளைத் தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எது குணம் தந்ததென அறிய இயலாது.

இவ்வழியாற் தீராத குறையும் ஒன்றுண்டு. பதிவின்போதே ஓசை எல்லை கடந்து சிதைந்திருப்பின், பின்னர் ஒலியளவைக் குறைத்தாலும் சிதைவு நீங்காது. சற்று மெதுவாகக் கேட்கும், அவ்வளவே. ஆதலால், மூத்தோரின் குரலைப் பதியும்போது ஒலிவாங்கியை அருகில் வைத்து, ஒலிமானி உச்சத்தைத் தொடாதவாறு அளவைச் சற்றுக் குறைத்தே பதிவுசெய்யுங்கள். இசையின் ஏற்ற இறக்கத்தை நாளை எத்தனை முறையும் திருத்தலாம். சிதையாத குரல் கையில் இருக்கவேண்டுமென்பதே முதன்மையானது.