கார் கைப்பிடிக் குழியில் கீறலா? குட்டி பேட் போதும்... ஆனா உஷார்!

உங்கள் கார் கதவின் கைப்பிடிக்குப் பின்னால் இருக்கும் குழியை வெயிலில் பாருங்கள். மெல்லிய கோடுகள் தெரியும். வளையல் போட்டவர்களை மட்டும் திட்டாதீர்கள், நகமும் சாவிக்கொத்தும் கூட்டாளிகள்தான். பெரிய பாலிஷ் பேட் அங்கே நுழையாது; 1 முதல் 3 அங்குலக் குட்டி பேட்தான் சரி.

சிக்கல் என்னவென்றால், நிறத்துக்கு மேலிருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40-50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. குட்டி பேட் ஒரே இடத்தில் சுற்றினால் சூடு ஏறும். பிளாஸ்டிக் பம்பரில் அது சீக்கிரம் இறங்காது. கோட் தேய்ந்துபோனால் திரும்பப் பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

புதுக்கோட்டை செம்மண் தூசியை முதலில் நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். பிறகு மென்மையான ஃபோம் பேடில் தொடங்கட்டும். நகத்தில் தட்டுப்படும் ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடலாம்.