வன்னி வழியே – 14: நியமனம் எப்போது?

பம்பைமடுவைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ். பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021 ஆகஸ்ட் 1 முதல் தனித்து நிற்கிறது அங்குள்ள வவுனியாப் பல்கலைக்கழகம். கிளிநொச்சி அறிவியல் நகரிலோ யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்கள். ஷெல்லுக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் ஏ.எல். எழுதிய ஒரு தலைமுறையின் பிள்ளைகளுக்கு இன்று வாசலிலேயே கம்பஸ் இருக்கிறது. இது பெரிய காரியம்.

ஆனால் பட்டம் வாங்கிய பிள்ளையிடம் வன்னியில் எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "நியமனம் எப்ப?"

2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாணக் கச்சேரி முன்னால் மாதக்கணக்கில் இருந்து போராடினார்கள். 2020இல் அரசு நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகளைப் பயிலுநர்களாக எடுத்தது. மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவு. பிரதேச செயலகங்களுக்குப் போன பலருக்கு இருக்கக் கதிரையும் இல்லை, இன்னதென்று சொல்லும்படியான வேலையும் இல்லை. நாலு வருடம் படித்த பிள்ளை ஒப்பமிட்டுவிட்டுச் சும்மா இருப்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

பிள்ளைக்கு அரச நியமனமே வேண்டும் என்று கேட்பதற்காகப் பெற்றோரைச் சோம்பேறித்தனத்துக்குப் பழக்குபவர்கள் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கண்ட காலம் அப்படி. வன்னி புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தபோதும் ஆசிரியருக்கும் அரச ஊழியருக்கும் கொழும்பிலிருந்து சம்பளம் வந்தது. 2009 போரில் வீடும் மாடும் உழவு இயந்திரமும் போயின. செட்டிகுளத்து முகாமுக்கு வெறுங்கையோடு வந்தவர்களில் அரச உத்தியோகம் உள்ளவருக்கு மட்டும் மாதம் பிறந்தால் ஏதோ ஒரு பிடி இருந்தது. அதைப் பார்த்த தாய் தன் பிள்ளைக்கு வேறு எதைக் கேட்பாள்?

அதனால் வேறு வழி என்ன என்ற கேள்வியைப் பல்கலைக்கழகத்திடம்தான் வைக்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் நெல் அறுவடை ஒரே நேரத்தில் குவிகிறது. காயவைக்கவும் களஞ்சியப்படுத்தவும் வழியில்லாதவன் ஈர நெல்லை வந்த விலைக்குக் கொடுக்கிறான். இந்தக் கணக்கை வகுப்பறையில் மட்டும் படித்து முடிக்க முடியாது. இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு போகம் முழுவதும் ஒரு கமக்காரர் அமைப்போடு இருக்கட்டும். விதைப்பு முதல் விற்பனை வரை கணக்கை அவரே எழுதட்டும். அதற்குப் புள்ளியும் கொடுக்கட்டும். வணிகம் படிப்பவரும் கணினி படிப்பவரும் கூடத்தான். அதே அறிவியல் நகரில் இலங்கை – ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. கம்பஸ் கிடைக்காத பிள்ளை போகும் இடம் என்று அதை ஒதுக்கிவிடுகிறோம். உலர்த்தும் இயந்திரத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்த பிள்ளையும் விலைப்போக்கைப் படித்த பிள்ளையும் சேர்ந்தால்தான் ஒரு ஆலை ஓடும்.

சேர்ந்தாலும் முதல் வேண்டும். வன்னியில் பலருடைய காணி அனுமதிப்பத்திரக் காணி. உறுதி இல்லாமல் வங்கியில் கடன் எடுப்பது பெரும்பாடு. நியமனத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை, காணி உறுதி கேட்காத கடனாக இந்தப் பிள்ளைகளுக்கு ஏன் திருப்பிவிடக்கூடாது? தெரிவான மாகாண சபை இல்லாவிட்டாலும் மாவட்ட ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே போகும் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

(தொடரும்)