ஒரே ஊர், இரண்டு தேசங்கள்

ஜினீவா ஏரியின் தென்கரையில், மலைச்சரிவு நீரைத் தொடும் இடத்தில், ஸேன் ஜிங்கோல்ப் என்ற சிறு கிராமம் இருக்கிறது. மலையினின்று இறங்கும் மோர்ஜ் என்னும் ஓடை ஊரின் நடுவே ஓடி ஏரியில் கலக்கிறது. ஓடைக்கு மேற்கே பிரான்ஸ், கிழக்கே ஸ்விட்ஜர்லாந்து. இடையில் ஒரு பாலம். அதைத் தாண்ட ஒரு நிமிஷம் போதும். 1944ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அந்த ஒரு நிமிஷ நடையே உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட தூரமாக இருந்தது.

இந்த எல்லை ஊரார் கேட்டு வந்ததன்று. 1536இல் ஸவாய் பிரபுவின் நாட்டைப் பெர்ன் நகரத்தார் தாக்கியபோது, அண்டை நாடான வாலே தன் பங்குக்கு ஏரியின் தென்கரையைக் கைப்பற்றிக் கொண்டது. 1569இல் தோனோன் நகரில் செய்த உடன்படிக்கையின்படி அதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. பிரபுக்களுக்கு ஓடை வசதியான அடையாளம். அது ஒரு கிராமத்தின் நடுவே போகிறதே என்பது அவர்கள் கவலையல்ல. பின்னர் 1588இல் கிழக்குக் கரையில் ஒரு கோட்டை எழுந்தது. பெயர்தான் கோட்டை, மாளிகை என்பதே பொருந்தும். 1810இல் நெப்போலியன் வாலேயைப் பிரான்ஸுடன் சேர்த்தபோது ஊர் மூன்று ஆண்டு ஒன்றாயிருந்தது. மீண்டும் பிரிந்தது. 1815இல் வாலே ஸ்விஸ் கூட்டாட்சியில் சேர்ந்தது. 1860இல் ஸவாய் பிரான்ஸுக்குப் போயிற்று.

ஆனால் ராஜாங்கங்கள் பிரித்ததை ஜனங்கள் முழுதும் ஒப்புக்கொள்ளவில்லை. இரு கரைக்கும் மாதா கோவில் ஒன்று, இடுகாடு ஒன்று, இரண்டும் பிரெஞ்சு மண்ணில் உள்ளன. மலைக்காடும் மேய்ச்சல் நிலமும் பழங்குடிகளின் பொதுச் சொத்து. இன்னும் பாகப்பிரிவினை நடக்கவில்லை. பஞ்சாயத்து இரண்டு, வரி இரண்டு, சுங்கச் சாவடி இரண்டு. சொந்தபந்தம் மட்டும் ஒன்று.

யுத்தம் வந்தது. 1942 நவம்பரில் இத்தாலியரும், 1943 செப்டம்பரில் அவர்களுக்குப் பின் ஜெர்மானியரும் மேற்குக் கரைக்கு எஜமானர்களானார்கள். கிழக்குக் கரையில் நடுநிலைமை. அந்த நடுநிலைமையை நாம் அளவுக்கு மீறிப் புகழவேண்டுவதில்லை. யூதர் என்ற காரணத்துக்காக மட்டும் துரத்தப்பட்டு வருவோரை அரசியல் அகதிகளாகக் கருதலாகாது என்று 1942 ஆகஸ்டு 13ஆம் தேதி ஸ்விஸ் சர்க்கார் உத்தரவிட்டது. எல்லையில் எத்தனையோ பேரைத் திருப்பியனுப்பிய உத்தரவு அது.

1944 ஜூலை 22ஆம் தேதி மலையிலிருந்து இறங்கிய பிரெஞ்சுக் கொரில்லாப் படையினர் ஊரிலிருந்த ஜெர்மன் காவல் நிலையைத் தாக்கினார்கள். சண்டைக்குப் பின் அவர்கள் மலைக்குத் திரும்பிவிட்டார்கள். இனி என்ன நடக்கும் என்பதை ஊகிக்க ஊராருக்கு ஜோசியம் தேவைப்படவில்லை. கைக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பெரும்பாலோர் பாலத்தைக் கடந்தார்கள். இம்முறை எல்லை திறந்தது. சிலர் மட்டும் தங்கினார்கள். வயோதிகமோ, வீட்டைவிட்டு அகல மனமின்மையோ, குற்றம் செய்யாதவனை யார் என்ன செய்வார் என்ற நம்பிக்கையோ, மனிதரைத் தங்கச் செய்யும் காரணங்கள் எங்கும் இவைதாம்.

மறுநாள் எஸ்.எஸ். படை வந்தது. பிணையாகப் பிடித்த ஆறு பேரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஒருவர் அவ்வூர்ப் பாதிரியார். பின் வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். ஓடைக்கு இப்பால், தங்கள் வீடுகள் எரிவதை அவற்றின் சொந்தக்காரர்கள் நின்று பார்த்தார்கள்.

அப்போது ஸ்விஸ் பகுதியின் பஞ்சாயத்துத் தலைவர் ஆந்த்ரே ஷப்பரோன் ஜெர்மானியருடன் நேரில் வாதாடினார். வெளிநாட்டு விவகாரம் பேச அவருக்கு அதிகாரம் ஏது? ஆயினும் அவர் பேசினார். அவர் பின்னால் ஸ்விஸ் மலைப்படையின் தளபதி ஜூலியஸ் ஷ்வார்ஸும் உறுதியாக நின்றார். எஞ்சிய வீடுகளும் மாதா கோவிலும் தப்பின. நடுநிலைமை வகித்தது தேசம். எரிவது அடுத்த வீடு என்று கண்டவர் ஊர்க்காரர். அன்று காரியம் செய்தது இந்த இரண்டாவது உணர்ச்சிதான் என்பது எமது துணிபு.

கொரில்லாக்களின் தாக்குதல் நியாயமா என்று கேட்போர் உண்டு. அந்நியனை எதிர்க்கும் உரிமையை நாம் மறுக்க முடியாது. கொலையின் பழியும் கொன்றவனையே சாரும். ஆனால் துப்பாக்கி ஏந்தியவனுக்கு மலை இருந்தது, ஏந்தாதவனுக்குப் பாலம் ஒன்றே இருந்தது என்பதையும் மறைக்க இயலாது. மேலும் கொடியது, ஒரு மாதம் கழியுமுன், ஆகஸ்டு 19ஆம் தேதிக்குள், அந்த மாகாணம் முழுவதும் விடுதலை பெற்றுவிட்டது.

எரிந்த வீடுகள் இருந்த இடத்தில் வேறு வீடுகள் எழுந்தன. கோட்டைக்குள் இப்போது ஏரிப் படகுகளின் காட்சிச்சாலை இருக்கிறது. முக்கோணப் பாய் விரித்து ஜினீவா நகருக்குக் கல் ஏற்றிச் சென்ற பெரும்படகுகளின் நினைவை அங்கே காக்கிறார்கள். கிழக்குக் கரையில் ஒருவர் இறந்தால், சவத்தைப் பாலத்தின் வழியாகப் பிரான்ஸுக்குத்தான் எடுத்துச் செல்கிறார்கள்.