முத்துச் சல்லடையும் பின்னக் கணக்கும்

கணக்கு என்றதும் முகம் வாடாத குழந்தைகள் நம் வீடுகளில் எத்தனை பேர்? ஒன்றாம் வகுப்பில் புளியங்கொட்டைகளை ஆவலோடு எண்ணிய பிள்ளை, பின்னக் கணக்கு வந்ததும் கரும்பலகையைக் கண்டு ஒதுங்குகிறது. அதற்கு அறிவு குறைந்துவிடவில்லை, தைரியந்தான் குறைந்துவிட்டது. அதைக் காப்பதே உபாத்தியாயரின் முதற் கடமை என்பது நமது கருத்து.

இதற்கு வழி தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதன் கணக்கு இன்றும் உதவும். மன்னார்க் குடாவின் பழைய குளிப்புகளில், கரை சேர்ந்த சிப்பிகளை மூன்று பங்காக்குவார்கள். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. வகுப்பில் 90 சிப்பிகளைக் கொடுத்து இப்படிப் பங்கிடச் சொல்லுங்கள். பிரிக்கிறவனே கடைசியில் எடுக்க வேண்டும் என்று ஒரு விதியும் வையுங்கள். சம பங்கு என்பதன் பொருளை விளக்க வேறு பிரசங்கம் வேண்டாம். பிறகு 100 சிப்பிகளைக் கொடுங்கள். மிஞ்சிய ஒன்றை என்ன செய்வது என்ற விவாதத்தில் வகுப்பே கலகலக்கும்.

முத்துக்களைத் தரம் பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. அவற்றின் எண்கள் 20-இல் தொடங்கி 1000 வரை செல்லும். 20-இல் தங்குவது பெருமுத்து. 1000-இல் தங்குவது பொடிமுத்து. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். 1/4-ஐவிட 1/8 பெரியது என்று சொல்லும் குழந்தையை மடையன் என்னலாமா? எட்டு நான்கைவிடப் பெரிது என்று நாம்தானே கற்பித்தோம்! ஒரு கருப்பட்டியை நால்வருக்கும், இன்னொன்றை எண்மருக்கும் பங்கிட்டுக் காட்டினால் சந்தேகம் தானே தீரும்.

மனப்பாடம் வேண்டாமா? அவசியம் வேண்டும். திண்ணைப் பள்ளிகளில் 1/320 ஆகிய முந்திரி வரையில் எண்சுவடியை ஒப்பித்தார்கள். ஆனால் பொருள் விளங்கிய பின் வரும் மனப்பாடமே நிலைக்கும். பிரம்புக்கு அஞ்சி வருவது பிரம்போடு போய்விடும்.

தமிழக அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். நல்ல முறை. ஆயினும் அரும்பு என்பது நெற்றியில் குத்திய முத்திரையாகிவிடலாகாது. அரும்பு மலர்வதற்கே உண்டானது.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. “எனக்கும் கணக்கு வராது” என்று குழந்தையின் காதுபடச் சொல்லாதீர்கள். விடை சரியானாலும் தவறானாலும், “எப்படிச் செய்தாய், கண்ணே?” என்று கேளுங்கள். தன் வழியைத் தானே எடுத்துச் சொல்லப் பழகிய குழந்தை கணக்குக்கு அஞ்சாது.